நடக்கிற காரியமா?

என் ஆபீஸ் தேனாம்பேட்டையில். வீடு மேற்கு மாம்பலத்தில். நடுவே இருப்பது தியாகராய நகர். இதைப் படித்ததுமே 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டியவர்கள் சென்னைவாசிகள். கொட்டாதவர்கள் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ரங்கநாதன் தெருவுக்குள் ஒரு தடவை போய்விட்டு வந்து மேலே படிக்கவும். நான் காத்திருக்கிறேன்.

இந்தத் தூரத்தை நான் தினமும் நடந்தே கடக்கிறேன். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். இதற்கு ஆபீஸில் பல காரணங்கள் உலவுகின்றன. 'ஷுகர்' என்கிறார் டெஸ்பாட்ச் நண்பர். 'பைக்கை அடகு வெச்சுட்டான்' என்கிறது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். உண்மைக் காரணம் ரொம்பச் சின்னது. பஸ்ஸில் போனாலும் அதே நேரம்தான் ஆகிறது. நடந்தால் தொங்க வேண்டியதில்லை.

நடக்கிற ஆசாமி என்றால் நம் ஊரில் ஒரு சந்தேகம்தான். ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தார்.

"எங்க சார் போணும்?"

"நடந்துதாம்பா போறேன்."

"ஏன் சார், ஊட்ல எதுனா பிரச்னையா?"

நிஜத்தில் இந்த ஊரில் ஏறக்குறைய கால்வாசிப் பயணங்கள் முழுக்க முழுக்க நடந்தேதான் நடக்கின்றன. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகிறவர்களும் ஸ்டாப் வரைக்கும் நடக்கத்தானே வேண்டும்? காரில் வருகிறவர்கூட பார்க்கிங் கிடைத்த இடத்திலிருந்து கடைக்கு நடந்துதான் ஆக வேண்டும், அவரே ஒப்புக்கொள்ளாவிட்டாலும். ஆக, நாம் சிறுபான்மை இல்லை ஸார். சங்கம் இல்லாத பெரும்பான்மை.

என் ரூட்டைச் சொல்கிறேன். வீட்டை விட்டு இறங்கினால் முதலில் மேற்கு மாம்பலத்துத் தெருக்கள். இங்கே லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது. 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தி.நகரையே கட்டினார்கள். ஏரி போய்விட்டது, பேர் தங்கிவிட்டது. 2015 டிசம்பரில் ஏரி ஒரு நடை நேரில் வந்து 'என் இடம் எங்கே?' என்று வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனது.

பழைய வீடுகளில் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். கட்டும்போது ஏறிப் போகிற மாதிரிதான் கட்டினார்கள். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார். அதன் மேல் இன்னொன்று. தோசைக் கல்லில் முதல் தோசையை எடுக்காமலே அடுத்த மாவை ஊற்றினால் எப்படி? 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்குள் எங்கள் தெருவில் பல வீடுகளின் ஜன்னல் விளிம்புக்கு ரோடு வந்திருந்தது.

இந்தக் கட்டத்தில் என் அப்பாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

அப்பா மாயவரம் பக்கம் முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்து ரிட்டையர் ஆனவர். நடை அவருக்கு உடற்பயிற்சி இல்லை, உத்தியோகம். வயது இப்போது எழுபத்தாறு. அம்மா போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். வந்த ஆறாம் மாதம் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். டிஸ்சார்ஜ் செய்கிற அன்று டாக்டர் மாத்திரைச் சீட்டோடு ஒரு வாக்கியமும் சொல்லி அனுப்பினார்: "தினம் அரை மணி நேரம் நடக்கணும். கட்டாயம்."

மாத்திரை எல்லாம் கிடைத்துவிட்டது ஸார். அரை மணி நேரம் நடக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

முதல் நாள் தெருவில் இறங்கினார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"ஏண்டா, இந்த ஊர்ல நடக்கறதுக்குத் தனியா லைசென்ஸ் ஏதாவது எடுக்கணுமா?"

மொட்டை மாடியில் நடந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவில் எட்டு போட்டு, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவரே ஓர் இடம் கண்டுபிடித்தார். மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கிற ஆகாய நடைபாலம். 2023 மே மாதம் திறந்தார்கள். 570 மீட்டர் நீளம். வண்டி வராது, மாடு வராது, மேலே கூரை. ரங்கநாதன் தெரு ஜனங்களை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். காலையில் என்னோடு கிளம்பி வருவார். பாலத்தின் அந்தக் கோடி வரை போய் என்னை வழியனுப்பிவிட்டு, திரும்பி வந்து, மறுபடி ஒரு நடை. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தேறிவிடும்.

"நல்ல ஐடியாடா. ஆனா ஒண்ணு. மனுஷன் நடக்கறதுக்கு ஆகாசத்துல இடம் குடுத்துருக்காங்க. பூமில எப்ப குடுப்பாங்க?"

பாலத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக அப்பாவுக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதாவது நொடிக்கு 0.79 மீட்டர். ஏன் இந்தக் கணக்கு என்கிறீர்களா? சிக்னலில் பாதசாரிக்கு எத்தனை நொடி கொடுக்கலாம் என்று கணக்கிடும்போது, ஒரு மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்றுதான் இன்ஜினீயர்கள் வழக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். இருபது மீட்டர் அகல ரோடு என்றால் அந்தப் புத்தக மனிதர் பதினேழு நொடியில் தாண்டிவிடுவார். என் அப்பாவுக்கு இருபத்தைந்து நொடி வேண்டும். மீதி எட்டு நொடி அவர் நடு ரோட்டில். எதிரே இருநூறு பைக்குகள் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு 'தாத்தா, சீக்கிரம்' என்கும். புத்தகத்தில் இருக்கிற அந்த ஆரோக்கியமான மனிதரை நேரில் பார்த்தால், எங்கள் அப்பாவையும் கொஞ்சம் கைபிடித்து அழைத்துப் போகச் சொல்ல வேண்டும்.

சரி, ரூட்டுக்கு வருவோம். உஸ்மான் ரோட்டைத் தாண்டி பனகல் பார்க். அதிலிருந்து பாண்டி பஜார். (சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதுதான் முழுப் பெயர். நம் வாயில் புகுந்து இப்படி இளைத்துவிட்டது.) 2019 நவம்பரில் இங்கே சுமார் நாற்பது கோடி ரூபாய் செலவில் அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்கள். கார்களுக்கு இடத்தைக் குறைத்து மனிதர்களுக்குக் கூட்டினார்கள். உட்காரப் பெஞ்சு. 'கார் நிறுத்த இடமில்லாவிட்டால் கடை ஈ ஓட்ட வேண்டியதுதான்' என்று அப்போது சொல்லாதவர் கிடையாது. சனிக்கிழமை சாயந்திரம் போய்ப் பாருங்கள். ஈ நுழைய இடம் இருக்காது.

முதல் தடவை அப்பாவை அங்கே அழைத்துப் போனபோது, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஜனங்களை வேடிக்கை பார்த்தார். சோளம் வாங்கித் தின்றார். ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எதிர் பெஞ்சில் இருந்த பெரியவர் சீர்காழி என்று தெரிந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்பத்து சொச்சத்தில் நடந்த ஒரு ரயில்வே ஸ்டிரைக்கைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நல்ல நடைபாதை என்றால் கிரானைட்டா, டைல்ஸா என்பதல்ல விஷயம். இரண்டு கிழவர்கள் நின்று சண்டை போட அதில் இடம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு ரோடு அப்படி இருந்தால் போதுமா என்பதுதான் கேள்வி. அந்த ரோட்டை விட்டுப் பக்கத்துச் சந்தில் திரும்பினால் பிளாட்பாரம் இருக்கிறதா, இல்லையா என்பது அவரவர் ஜாதகம்.

இருக்கிற பிளாட்பாரமும் எப்படி இருக்கிறது? பல தெருக்களில் அது நடப்பதற்காகக் கட்டியதே அல்ல. மழைநீர்க் கால்வாய் கட்டி, மேலே சிலாப் போட்டு மூடி, 'இதுதான் நடைபாதை, நடந்துக்கோ' என்று விட்டுவிடுகிறார்கள். அதன் உயரம் கால்வாயின் சௌகரியம். நம் முழங்காலின் சௌகரியம் இல்லை. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சரிவு. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. நடுவில் கரண்ட் பெட்டி. அதற்கு அடுத்து ஒரு வேப்பமரம். (மரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது எனக்கு முன்னால் வந்தது.) இந்திய சாலைக் காங்கிரஸ் 2012ல் வெளியிட்ட விதிப்படி, நடக்கிற இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நான் ஒரு நாள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் தெரு முனையில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர். 'என்னங்க, கீழ என்ன தேடறீங்க?' என்று சகதர்மிணி பால்கனியிலிருந்து கத்தியதில் அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

நகரத்துக்கு நல்ல எண்ணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2014லேயே சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. நாட்டிலேயே இந்த மாதிரி முதலில் செய்த நகரங்களில் நம்முடையது ஒன்று. போக்குவரத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை. ரோட்டில் சாகிற பாதசாரிகளின் எண்ணிக்கை பூஜ்யம். படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது. அதற்குப் பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதைகளைச் சரி செய்யவும் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் 2018 வந்து போய்விட்டது. பூஜ்யம் வரவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, ஒழுங்கான நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிற வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது.

நடைபாதை என்றதும் நம் ஆபீஸ் நண்பர்கள் உடனே கை காட்டுவது கடைக்காரர்களை. 'முதல்ல இவனுங்களைத் தூக்கணும் சார்' என்று ஒருவர் தினம் சொல்வார். எங்கே நின்று சொல்வார் தெரியுமா? ஆபீஸ் வாசலில், கையேந்தி பவனில், கையில் பொங்கல் தட்டோடு. எனக்கு இதில் உடன்பாடில்லை. சாயந்திரம் எட்டு மணிக்கு மேல் என் சகதர்மிணி தைரியமாக நடந்து வருகிற தெரு எது என்றால், பூக்காரம்மாவும் இட்லிக் கடையும் இஸ்திரி வண்டியும் விளக்கேற்றி வைத்திருக்கிற தெருதான். 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டமும் தூக்கச் சொல்லவில்லை. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்ய ஒரு குழு வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. தள்ளுவண்டியை 'அண்ணே, கொஞ்சம்' என்றால் இரண்டடி தள்ளிக்கொள்வார்கள். அதற்குத்தானே அது தள்ளுவண்டி! பிளாட்பாரத்தில் சைடு ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியோடு சினிமாவுக்குப் போய்விட்ட பைக்கை யாரிடம் 'அண்ணே, கொஞ்சம்' என்பது?

இந்த இடத்தில் இளைஞர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று தெரியும். ஒரு நிமிஷம் இருங்கள். இதற்கு அப்புறம்தான் விஷயமே இருக்கிறது.

போன வருஷம் ஆடி மாதம். சாயந்திரம் ஆறரை மணி. தெரு முனையில் கால்வாய் சிலாப் ஒன்று உடைந்து வாய் பிளந்து கிடந்தது. அந்த இடத்தில் எல்லோரும் ரோட்டில் இறங்கித்தான் திரும்புவார்கள். அப்பா இறங்கவில்லை. ரோட்டில் டிராஃபிக் அதிகம் என்று சுவர் ஓரமாகவே போயிருக்கிறார். அதே டிராஃபிக் அதிகம் என்று பிளாட்பாரத்தில் ஏறி எதிரே ஒரு பைக். சாப்பாட்டுப் பை மாட்டிய பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

அப்பாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

அந்தப் பையன் ஓடிவிடவில்லை. ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, நான் போகிற வரைக்கும் வெளியே நின்றுகொண்டிருந்தான். "பாக்கல சார்... லேட் ஆச்சுன்னா கட் பண்ணிடுவாங்க சார்..." நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா குறுக்கே பேசினார்.

"விடுடா. அவனும் டெலிவரி பண்றவன்தானே. எனக்கு பீட்டு முடிக்க ஒரு நாள் முழுக்கக் குடுத்தாங்க. அவனுக்கு அரை மணிதான் குடுக்கறாங்க. எங்கதான் ஓட்டுவான்?"

கட்டு பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அப்பா வாசல் தாண்டவில்லை. 'நாளைக்குப் பாக்கலாம்' என்பார். ஆகாய நடைபாலம் அங்கேயேதான் இருந்தது. அதற்குப் போகிற எட்டு நிமிஷத் தெருதான் அவருக்கு மலையாகிவிட்டது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் எடை பார்த்து முகம் சுளித்தார். ஒரு ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். "நான் ஊருக்கே போயிடறேண்டா. அங்க தனியா இருந்தாலும் நடந்துப்பேன்."

எனக்குச் சாதம் இறங்கவில்லை. ஊரில் வீட்டைப் பூட்டி நாலு வருஷம் ஆகிறது. எழுபத்தாறு வயசில், நெஞ்சில் ஸ்டென்ட்டோடு, ஒற்றை ஆளாக அங்கே போய் என்ன செய்வார்? ஒரு சிலாப்புக்காக ஒரு மனிதர் ஊரை விட்டே போவதா?

சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நம்பர் கொடுத்தார்கள். மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. எட்டிப் பார்த்தேன். சிலாப் அப்படியே இருந்தது. புகார் மட்டும் தீர்ந்திருந்தது.

அப்பா அந்த மெசேஜை என் போனில் இரண்டு தடவை படித்தார். பிறகு, "போஸ்ட் ஆபீஸ்ல பத்து கார்டு வாங்கிண்டு வா" என்றார். ஐம்பது பைசா போஸ்ட் கார்டு. இன்னும் விற்கிறார்கள் ஸார், கேட்டால் கொடுக்கிறார்கள்.

மறுநாள் காலை, நாற்பத்து சொச்சம் நாளுக்குப் பிறகு, தெருவில் இறங்கினார். தபால்காரர் பீட்டு போகிற மாதிரி. கையில் பேனா, ஒரு பழைய டயரி. ஒவ்வொரு கதவு நம்பருக்கு நேராகவும் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். 'நம்பர் 4, சரிவு, வழுக்கும். நம்பர் 7, கரண்ட் பெட்டி, கதவு திறந்திருக்கிறது. நம்பர் 11, மணல் குவியல், மூன்று மாதமாக. தெரு முனை, சிலாப் உடைந்தது.' அன்று பதினைந்து வீடுதான் போனார். ஆனால் போனார். பிறகு ஒரு நாளைக்கு ஒரு கார்டு, ஒரு கார்டுக்கு ஒரு விஷயம், தேதி, வரிசை எண், கீழே கையெழுத்து, அதன் கீழே 'ஓய்வு பெற்ற தபால்காரர்'.

"அப்பா, இப்பல்லாம் ஆப் இருக்கு, மெயில் இருக்கு..."

"மெயிலைத் திறக்காம விடலாம். கார்டைத் திறக்கவே வேண்டாம்டா. டேபிள்ல வெச்சா போற வர்றவன்லாம் படிப்பான்."

நம்பர் 11 வீட்டுக்காரருக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, மணலை இரண்டே நாளில் அள்ளிவிட்டார். இஸ்திரிக்காரர் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினார். பதினாலாவது கார்டு போன மறு வாரம், ஒரு மினி லாரி வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். பழைய சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, புதுசைப் போட்டு, சிமென்ட் பூசி, அரை மணியில் போய்விட்டார்கள். மொத்தச் செலவு எங்களுக்கு ஏழு ரூபாய்.

புது சிலாப் பக்கத்துச் சிலாப்பை விட ஒன்றரை அங்குலம் உயரம். கால் தடுக்கும். அப்பா குனிந்து விரலால் அளந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து பதினைந்தாவது கார்டை எழுதினார். முதல் வரியில் நன்றி. இரண்டாவது வரியில் ஒன்றரை அங்குலம்.

ஊருக்குப் போகிற பேச்சு இப்போது இல்லை. போன சனிக்கிழமை இன்னும் இருபது கார்டு வாங்கி வரச் சொன்னார். கவுண்ட்டரில் இருந்த பெண், "என்ன சார், டி.வி. போட்டிக்கா?" என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "எதுக்குப்பா இருபது? நம்ம பக்கம்தான் முடிஞ்சு போச்சே?" என்றேன்.

டயரியில் புதுப் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: "எதிர்ச்சாரி பாக்கி இருக்கேடா."